குங்குமச் சட்டம்

வெள்ளம் வடிந்ததும் எங்கள் தாமான் குடியிருப்புக்கு மின்சாரத்துக்கும் குழாய்த் தண்ணீருக்கும் முன்பாகத் தலைவர் வந்து சேர்ந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர். தண்ணீர் ஏறிய அன்று பூச்சோங்கில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனவர், சேறு காய்வதற்குள் ஒளிரும் மஞ்சள் அங்கி, விசில், இரண்டு வாக்கி டாக்கி சகிதம் திரும்பிவிட்டார். வாக்கி டாக்கிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. அப்படியென்றால் இரண்டுமே வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிள்ளான் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்துபோன கதையை இங்கே எழுதப்போவதில்லை. அதை எல்லோரும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆறு போன பிறகு ஊரில் சட்டம் எப்படித் திரும்பி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் நீதிமன்றப் பதிவகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அரசாங்க உத்தியோகம் சர்க்கரை வியாதி மாதிரி, தலைமுறை தவறாமல் வந்துவிடும். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் படுத்துத் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் தலைவர் அமைத்த ஒழுங்குக் குழுவுக்கு என்னை ஆலோசகராகப் போட்டார்கள். ஆலோசகர் என்றால் கூட்டத்தில் நாற்காலி உண்டு, பேச்சுக்கு மதிப்பு கிடையாது.

உண்மையில் திருட்டு என்று நடந்தது ஒரு தண்ணீர்ப் பம்பும், கேஸ் தோங் என்று நாங்கள் சொல்லும் ஒரு சிலிண்டரும்தான். ஆனால் ஒவ்வொரு வாயிலும் அது ஒரு சுற்று பெருத்து, கடைசியில் படகில் வந்த கொள்ளைக் கும்பல் என்ற அளவுக்கு வளர்ந்தது. குழு தீவிரமாக ரோந்து போனது. முதலில் பிடிபட்டவர் பல வருடங்களாக எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் அண்ணன். அவரை விசாரித்து முடிப்பதற்குள் ரொட்டி முழுவதும் விற்றுப்போனதால் அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அடுத்ததாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் ஐசி அடையாள அட்டை கேட்டார்கள். பொட்டலத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள்.

நிஜமான குழப்பம் தெரு ஓரத்தில் இருந்தது. ஒவ்வொரு வீடும் தன் வயிற்றில் இருந்ததை எல்லாம் வெளியே கொட்டி வைத்திருந்தது. அதில் பாதி செத்த பொருள், பாதி காய்ந்துகொண்டிருக்கும் பொருள். எது எதுவென்று வீட்டுக்காரர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. குப்பை லோரிக்காரர்கள் வந்து ரோட்டில் இருப்பதை அள்ளினார்கள், அது அவர்கள் வேலை. பழைய இரும்பு வாங்கும் லோரிகளும் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு சுற்றின. கடைசி வீட்டு அக்கா காயவைத்த அலமாரி, உள்ளே பட்டுப் புடவைகளோடு லோரி ஏறிவிட்டது. அவர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லோரிக்குப் பின்னால் ஓடிய வேகத்தைப் பார்த்த பிறகுதான், இது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று தலைவர் ஒத்துக்கொண்டார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். வைத்துக்கொள்ளப் போகும் பொருள் ஒவ்வொன்றிலும் வீட்டு எண், பொருளின் விவரம், உரிமையாளர் கையெழுத்து மூன்றும் கொண்ட அட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கூட்டம் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஏகமனதாக ஏற்கப்படும் தீர்மானங்களின் கதி எனக்குத் தெரியும். ஒருவர்கூட அட்டை கட்டவில்லை.

சட்டம் வேறு வழியில் வந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி காலையெல்லாம் உட்கார்ந்து தன் குளிர்பெட்டியைச் சேறு போகக் கழுவினார். கழுவி முடித்ததும் அது பிழைத்து வந்த சந்தோஷத்தில், ஆயுத பூஜைக்கு வைப்பது போல மஞ்சள் குழைத்துத் தடவி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்து ரோட்டோரம் நிறுத்தினார். குப்பை லோரி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், பார்த்தார்கள், அதைச் சுற்றி இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு அதை மட்டும் தொடாமல் போய்விட்டார்கள். பூஜை போட்ட பொருளில் எவன் கை வைப்பான்?

மாலைக்குள் தெரு முழுவதும் பொட்டு. சலவை இயந்திரம், மிக்சி, சைக்கிள், இரும்புக் கட்டில் எல்லாம் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல நெற்றியில் மங்கலமாக நின்றன. பட்டறை வைத்திருக்கும் சீனர் அங்கிள் எதிர்வீட்டு வாசலுக்கு வந்து, "தங்கச்சி, நம்ம ஃப்ரீசருக்கும் ஒண்ணு வை லா" என்றார். அவர் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் கெட்ட வார்த்தைகூடத் தப்பில்லாமல் பேசுவார். ஒன்று வைத்ததும், போதாது என்று மூன்று வைத்துக்கொண்டார். முனை வீட்டு மலாய் ஆசிரியத் தம்பதி தங்கள் பொருள்களில் பச்சைக் கயிறு கட்டினார்கள். பச்சைக் கயிறும் பொட்டுக்குச் சமம் என்று தலைவர் ஒலிபெருக்கியில் திருத்தச் சட்டம் அறிவித்தார். பொட்டும் கயிறும் இல்லாதது குப்பை, யாரும் எடுக்கலாம். இரும்பு லோரிகளும் அதை அப்படியே மதித்தன. இவ்வளவு பேர் இவ்வளவு மனமொப்பிக் கடைப்பிடித்த ஒரு சட்டத்தை என் சேவைக் காலத்தில் நான் பார்த்ததில்லை. நானும் என் தையல் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தேன். கொள்கை வேறு, தையல் மெஷின் வேறு.

இப்போது முடிவெட்டுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரு முனையில் உள்ள கடை வரிசையில் அவருடைய கடை. தண்ணீர் அங்கே கண்ணாடி உயரத்துக்கு ஏறியது. கண்ணாடியின் ரசம் உரிந்துவிட்டது, பலகை அலமாரி ஊதிப்போய் இழுப்பறை திறக்க மறுத்தது. கடைக்குள் இருந்ததில் தப்பியது நாற்காலி ஒன்றுதான். பழைய ஜப்பான் நாற்காலி, முழுக்க வார்ப்பிரும்பு, கைப்பிடி வெள்ளைப் பீங்கான். நெம்புகோலை அழுத்தினால் ஆளோடு மேலே எழும்பும். அவர் அதைக் கழுவி, எண்ணெய் விட்டு, உட்காருகிற தோல் காய்வதற்காக நடைபாதைக்கு வெளியே வெயிலில் வைத்திருந்தார், பொட்டோடு.

அவருடைய மகன் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அம்மா காலமானதிலிருந்தே அப்பாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, வெள்ளம் நல்ல சாட்சியாக அமைந்தது. தொலைபேசியில் அவர்கள் பேசியது தெருவுக்கே தெரியும், ஏனென்றால் முடிவெட்டுகிறவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"போதும்பா. கடைல என்ன இருக்கு இன்னும்? ஞாயித்துக்கெழம காடி எடுத்துட்டு வரேன்."

"நாக்காலி இருக்கு. ஒண்ணும் ஆவல. நாக்காலி இருந்தா கட இருக்கு."

"அப்ப அதுவும் போயிருந்தா வருவீங்க?"

"போயிருந்தா வருவேன். போவலயே."

மகன் கெட்டவர் இல்லை. அப்பாவை நினைத்துத் தூக்கம் வராமல்தான் கேட்டார். ஆனால் ஃபோனை வைத்த பிறகு முடிவெட்டுகிறவர் என்னிடம், "அந்த மாடியில நான் யாருகிட்டக்கா பேசறது? லிப்டுகிட்டயா?" என்று கேட்டார். அவர் நாளெல்லாம் பேசுவதற்காகவே முடி வெட்டுகிறவர்.

சனிக்கிழமை பிற்பகல் ஒரு மழை பெய்தது. தெருவே வாசலுக்கு வந்து கால்வாயைப் பார்த்தபடி நின்றது. நல்லவேளையாகச் சீக்கிரமே விட்டுவிட்டது. கால்வாய் நிறையாமல் ஓடியதைப் பார்த்த நிம்மதியில் ஆளாளுக்கு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டோம். முடிவெட்டுகிறவரும் எதிர்வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஓர் இரும்பு லோரி எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைக்குத் திரும்பியவர் போட்ட சத்தம் என் வீட்டு அடுப்படி வரை கேட்டது. நாற்காலியைக் காணோம்.

தலைவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த நிமிடம் அது. விசில் பறந்தது. தெரு வாயிலில் ரோந்துக்காரர்கள் குறுக்கே இறக்கிய மரக்கட்டையைத் தாண்ட முடியாமல் லோரி நின்றுபோனது. குவித்த சாமான்களுக்கு மேலே, சிம்மாசனம் மாதிரி, நாற்காலி. லோரிக்காரர் அம்பாங்கிலிருந்து வருகிறவர், நாற்பது வயதுக்காரர், நம்மாள்தான். லோரியைப் பூப்பந்துத் திடலுக்குத் திருப்பச் சொல்லி, சுற்றி வளைத்து நிறுத்தினார்கள். தலைவர் போலீசுக்கு ஃபோன் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"கையும் களவுமா மாட்டுனியா? வெள்ளத்துல திருடறவனுக்கு என்னா தண்டன தெரியுமா?"

"பாஸ், நான் திருடல லா. பொட்டு வச்சத நான் தொட்டதே இல்ல. இதுல பொட்டு இல்ல, தூக்குனேன்."

"நான் வச்சேன்டா பொட்டு!" என்றார் முடிவெட்டுகிறவர். அழுகிற குரலில் கோபப்பட்டார்.

"போலீஸ்ல சொல்லிக்கோ. ரிப்போட் போடறோம்" என்றார் தலைவர். கூட்டம் கைதட்டியது.

நான் தலைவரைத் தனியே கூப்பிட்டேன். கூட்டமும் கூடவே வந்தது.

"ரிப்போர்ட் போட்டா அந்த நாற்காலி எங்க போகும் தெரியுமா?"

"எங்க போகும்? அவரு கடைக்குப் போகும்."

"பாலாய்க்கு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். ரிப்போர்ட் போட்ட நிமிஷத்துல இருந்து அது நாற்காலி இல்ல, வழக்குச் சான்று. எண் போட்டு, சீல் வச்சு, ஸ்டோர்ல பூட்டிடுவாங்க."

"அப்பறம் குடுத்துருவாங்கல்ல?"

"குடுப்பாங்க. அதுக்கு ஒரு முறை இருக்கு. விசாரணை அதிகாரி எழுதணும், நீதவான் உத்தரவு போடணும். சும்மா இருக்கற நாள்ல சீக்கிரம் நடக்கும். இது வெள்ளம் வந்த நாள். எங்க ஸ்டோர்ல ஒரு சைக்கிள் இருந்துச்சு. அது வெளிய வந்தப்ப சொந்தக்காரருக்கு முட்டி வலி, ஓட்ட முடியல."

முடிவெட்டுகிறவர் லோரி மேலிருந்த நாற்காலியைப் பார்த்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழமக்கா" என்றார்.

"அதான் சொல்றேன்."

தலைவர் விடவில்லை. "அதுக்காகத் திருடன விட்றதா? சட்டம்னா சட்டம்தான். நீங்களே இப்படிப் பேசலாமாக்கா?" கூட்டம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. எத்தனையோ வருடம் சட்டத்துக்குச் சேவகம் செய்துவிட்டு, அதை ஊருக்குள் விடாதீர்கள் என்று நான் கெஞ்ச வேண்டி வந்தது. ஓய்வூதியக்காரர்களுக்கு இப்படியும் பொழுது போகிறது.

"சரி. திருட்டுனா திருடற எண்ணம் இருக்கணும். அத மொதல்ல பாப்போம்" என்றேன். முடிவெட்டுகிறவரிடம், "பொட்ட எங்க வச்சீங்க?"

"சாயற எடத்துக்குப் பின்னால. இவ்ளோ பெருசா."

நாற்காலியை இறக்கிப் பார்த்தோம். இரும்பு பளபளவென்று இருந்தது. பொட்டு இல்லை.

"தொடச்சிட்டான்!" என்றது கூட்டம்.

"தெருவத் திரும்பிப் பாருங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குளிர்பெட்டிகள், சலவை இயந்திரங்கள், கட்டில்கள், என் தையல் மெஷின். ஒன்றின் நெற்றியிலும் ஒன்றும் இல்லை. ஓரத்துக் கால்வாயில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி, "ஐயய்யோ, மழை!" என்று தலையில் கை வைத்தார்.

சீனர் அங்கிள் தொடையில் தட்டிச் சிரித்தார். "நம்ம சட்டம் லோங்காங்ல போச்சு லா!" லோங்காங் என்றால் கால்வாய். பச்சைக் கயிறு கட்டிய ஆசிரியத் தம்பதி அடக்கமாகத் தங்கள் கயிறுகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் ஒருகணம் தடுமாறினார், ஆனால் அவர் சுலபமாக விழுகிறவர் அல்ல. "மழையில கரையும்னு இவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் மழை விட்டதும் வந்திருக்கான்."

"மழை பெஞ்சப்ப நான் பாலத்துக்கு அந்தாண்ட ஒதுங்கி நின்னேன், பாஸ். இங்க வந்தா எல்லாம் ஈரமா இருக்கு. எது உங்க மழை, எது வெள்ளம்னு நான் என்னத்தக் கண்டேன்?"

"எல்லாத்தையும் எறக்கு! லோரியில உள்ளது மொத்தமும் சான்று!"

இறக்கினார்கள். மெத்தைக் கம்பிச் சுருள்கள், துருப்பிடித்த கேட், கால் இல்லாத மேசை, நிலைக் கண்ணாடி ஒன்று. அதற்கு அடியிலிருந்து வந்தது ஒரு கரோக்கே ஸ்பீக்கர், இடுப்பளவு உயரம். தலைவரின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது.

"இது என்னுது! காலையில என் கையால பொட்டு வச்சேன்! பாத்தீங்களா, இதையும் திருடியிருக்கான்!"

லோரிக்காரர் தலைவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் இருந்த தலைவரின் மனைவியைப் பார்த்தார். பாவம், அவருக்கு வேறு வழியில்லை.

"பாஸ், இது அக்கா கொடுத்தாங்க. நீங்க ரோந்து முடிஞ்சு வர்றதுக்குள்ள தூக்கிட்டுப் போயிருன்னு சொன்னாங்க."

"பொட்டு வச்ச சாமானையா?" என்று மனைவியிடம் திரும்பினார் தலைவர்.

"பொட்டுதான் மழையில போயிருச்சே" என்றார் அந்த அம்மாள், நிதானமாக. "போவலன்னா நானே தொடச்சிருப்பேன். ஆறே வந்து முழுங்கியும் சாவல அந்தச் சனியன். நேத்து பேட்டரி போட்டுப் பாத்துட்டு, 'ஹலோ ஹலோ'ங்கிறாரு. ராத்திரி பகல் பாட்டு, அக்கம் பக்கம் எல்லாம் என்னத்தானே மொறைக்குது?"

அக்கம் பக்கம் வானத்தைப் பார்த்தது. அந்த ஸ்பீக்கர் போவதில் எங்களில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நான் தலைவரிடம் முறையை விளக்கினேன். லோரியில் உள்ளது மொத்தமும் சான்று என்று அவரே சொல்லிவிட்டார். ஆகவே ஸ்பீக்கரும் சான்று. அதைக் கொடுத்தது யார் என்ற கேள்வி வரும். அவருடைய மனைவி வாக்குமூலம் கொடுக்க வேண்டும், வழக்கு நடந்தால் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அங்கே ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள், சத்தியப் பிரமாணம் எடுத்த பிறகு கேட்பார்கள்.

"ஏறுவேன்" என்றார் அந்த அம்மாள் உடனே. "எல்லாத்தையும் சொல்லுவேன். பாடறதையும் பாடிக் காட்டுவேன்."

அந்த நேரம் பார்த்துப் போலீஸ் கார் வந்து நின்றது. இறங்கியவர் இளம் வயது மலாய்க் கார்ப்பரல். பூட்ஸ் முழுக்கச் சேறு, கண் முழுக்கத் தூக்கம். வெள்ளம் வந்ததிலிருந்து வீட்டுக்குப் போகாதவர் என்று பார்த்தாலே தெரிந்தது. என்ன விஷயம், யார் புகார் செய்தது என்று மலாயில் கேட்டார்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். முடிவெட்டுகிறவர் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் ஸ்பீக்கரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், குனிந்து விசிலை எடுத்துத் துடைத்தார்.

"ஒன்றும் இல்லை, துவான்" என்றார் மலாயில். "இவருடைய நாற்காலியைக் கடைக்குக் கொண்டுபோகிறோம். லோரிக்காரர் உதவிக்கு வந்திருக்கிறார்."

கார்ப்பரல் முட்டாள் அல்ல. அத்தனை பேர் சுற்றி நின்று ஒரு நாற்காலியைக் கொண்டுபோக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கண் நாற்காலியில் நின்றது. கை தானாகக் காதோரம் போயிற்று. தொப்பிக்குக் கீழே முடி காதை மூடத் தொடங்கியிருந்தது. மறுநாள் காலையில் அதிகாரி அணிவகுப்பைப் பார்வையிடுகிறாராம். வெட்ட முடியுமா என்று, புகார் கொடுக்க வந்தவர் போலத் தயங்கிக் கேட்டார்.

முடிவெட்டுகிறவர் நெம்புகோலை ஒரு மிதி மிதித்தார். நாற்காலி எழும்பியது. கத்தரியும் கை மெஷினும் வெள்ளத்துக்கு முன்பே பையில் போட்டு மேல்மாடியில் வைத்துக் காப்பாற்றியவை, யாரோ ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். லோரிக்காரர் தன் குப்பையிலிருந்து நிலைக் கண்ணாடியைத் தூக்கி வந்து எதிரே பிடித்துக்கொண்டார். பூப்பந்துத் திடலின் நடுவில் சட்டத்தின் பிரதிநிதி கழுத்தில் துண்டோடு கண்ணை மூடி உட்கார்ந்தார். முடிவெட்டுகிறவர் பேச ஆரம்பித்தார். வெள்ளத்திலிருந்து ஆரம்பித்து, வெகு காலத்துக்கு முன்பு வந்த வெள்ளத்துக்குப் போய், அங்கிருந்து கால்பந்துக் குழுக்களுக்குத் தாவினார். கார்ப்பரல் தூங்கிவிட்டார். அதனால் பேச்சு நிற்கவில்லை.

அவர் எழுந்திருப்பதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது. சேற்றிலும் மண்ணிலும் புரண்டு, தலையில் எண்ணெய் காணாமல், ஆண்கள் எல்லோரும் பார்க்கச் சகிக்காமல் இருந்தார்கள். வரிசை என்று வந்ததும் தலைவருக்கு உயிர் வந்தது. விசில் ஊதி, இடம் பிடித்துவைப்பதைத் தடைசெய்து, பெரியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, அவ்வளவு அருமையாக நடத்தினார். அந்த மனிதருக்கு உள்ளபடியே திறமை உண்டு, இடம்தான் அமையாமல் இருந்தது. லோரிக்காரருக்கும் வரிசையில் ஓர் இடம் கொடுத்தார். அவர் முடி வெட்டிக்கொண்டு, நாற்காலியைக் கடையில் இறக்கிவைத்துவிட்டு, ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு போனார். தலைவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் வந்தார், காரின் பின்னிருக்கையில் காலிப் பெட்டிகளோடு. கடைக்கு வெளியே நடைபாதை முழுக்க ஆட்கள், பக்கத்துத் தாமானிலிருந்தும் வந்திருந்தார்கள். கண்ணாடி இல்லை, மின்சாரம் இல்லை, சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. நடுவில் நாற்காலி, அதற்குப் பின்னால் அப்பா.

மகன் என்னிடம் வந்தார். "ஆன்டி, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்களேன். இந்த வயசுல, இந்த ஈரத்துல..."

சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்குள் தலைவர் வந்து அவர் தோளைத் தொட்டார். "தம்பி, வரிசையில வாங்க."

"நான் அவரு மகன்."

"யாரா இருந்தாலும் வரிசதான்."

மகன் சிரித்துவிட்டார். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். அவர் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் வெட்டினார். அவர் பேசாமல் முடி வெட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். முடித்ததும் கழுத்தை ஊதித் துடைத்துவிட்டு, அன்று உபயோகித்த துண்டுகளை எல்லாம் திரட்டி, மகன் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றை நிரப்பி, அவர் கையில் கொடுத்தார்.

"இங்க கரண்டு வர நாளாவும். உங்க வீட்லதான் மெஷின் ஓடுது. தொவச்சு வெள்ளிக்கெழம கொண்டா. லேட் பண்ணாத, கஸ்டமர் இருக்காங்க."

மகன் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தார். மற்ற பெட்டிகளையும், கேட்காமலே, கடைக்குள் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்.